நான் எந்த லிஸ்டில் இருக்கிறேன்?

(சர்வதேச இளைஞர் தினத்தை ஒட்டி வண்டன்மேட்டில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சில இடங்கள் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளன.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ‘இளைஞர் மேம்பாட்டுப் பணிகளில் சர்வதேச உதவி நிறுவனங்களிடையே ஒருங்கிணைப்பு’ என்பது. நோட்டீஸில் இதைப் படித்துவிட்டு வாசலில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். “மாமா, தலைப்பைச் சொல்லி முடிக்கவே அரை மணி ஆகும் போலிருக்கே, காபிக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார். முன்னாடிதான். ஆனால் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். ஏலக்காய் விளையும் ஊரில் ஐ.நா. சபை விஷயம் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். அதற்குப் பதில்தான் இந்த உரை.

என் தகப்பனார் பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இந்த மலைக்கு ஏலத் தோட்டத்தில் கணக்கு எழுத வந்தவர். தினமும் செக்ரோலில் ஆள்பெயருக்கு எதிரே அவர் பேனா பட்டால்தான் அன்றைய கூலி. ‘பேர் விழுந்ததா?’ என்றுதான் தொழிலாளிகள் கேட்பார்கள். அவருடைய மகனான நான் வங்கியில் சேர்ந்து, 2001ல் விருப்ப ஓய்வு பெற்றேன். ஆக, பரம்பரையாகவே லிஸ்ட் எழுதும் குடும்பம் எங்களுடையது. லிஸ்டில் பேர் விழாத ஒருவனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமியைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கே மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓய்விலிருந்த நான் 2005 மார்ச்சில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்துக்குத் தொண்டராகப் போனேன். இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சிப் பிரிவில் கணக்கும் பதிவேடும் பார்த்துக்கொள்வது என் வேலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். நடந்த தவறில் என் கையும் உண்டு.

அந்தச் சமயத்தில் நாகையில் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து இறங்கியிருந்தன. லாட்ஜில் அறை கிடைக்காது, வாடகைக் கார் கிடைக்காது. ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு கொடி. இந்தக் குழப்பத்தை முதலில் புரிந்துகொண்டவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் அல்ல. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான ஸிஃப்ஸும், நாகையைச் சேர்ந்த ஸ்நேகா என்ற அமைப்பும் மாவட்ட நிர்வாகத்துடன் சேர்ந்து 2005 ஜனவரியிலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. என்.சி.ஆர்.சி. என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கிராமத்தில் என்ன சேதம், அங்கே எந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று திரட்டி வைப்பதும், வீடு, வாழ்வாதாரம், குழந்தைகள் என்று துறைவாரியாக எல்லோரையும் கூட்டி உட்கார வைப்பதும் அதன் வேலை. கையில் பணமில்லை, தகவல் மட்டும்தான். ஆனால் புதிதாக வந்தவர்கள் முதலில் அங்கேதான் போய் நின்றார்கள். நம் நாட்டில் உதவி நிறுவனங்களிடையே ஒருங்கிணைப்பு என்று பேசினால் இந்த முயற்சியைச் சொல்லாமல் பேசக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியிருந்தும் படகுகள் விஷயத்தில் என்ன ஆயிற்று என்பது தெரிந்ததே. படகு கொடுத்தால் புகைப்படம் நன்றாக வரும். பல கிராமங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் கொடுக்கப்பட்டன. படகிருக்கும், ஏறி மீன் பிடிக்க ஆளிருக்காது.

இளைஞர் பயிற்சியிலும் இதே கதைதான். ஆனால் படகைப் போல அது கடற்கரையில் கிடந்து கண்ணில் படாது. தையல், கம்ப்யூட்டர், டிரைவிங், செல்போன் ரிப்பேர் என்று பல நிறுவனங்கள் ஒரே மாதிரியான வகுப்புகளை அடுத்தடுத்த தெருக்களில் நடத்தின. மூன்று இடத்தில் தையல் கற்றுக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். மூன்று சர்டிபிகேட், மூன்று மெஷின். இரண்டை விற்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். எங்கள் வகுப்பில் இருபத்தைந்து இடம் நிரம்பினால்தான் அடுத்த தவணைப் பணம் வரும். அவள் ஏற்கெனவே வேறிடத்தில் படித்தவள் என்று தெரிந்தேதான் அவள் பெயரை எழுதினேன். மார்ச் முப்பத்தொன்றுக்கு முன் டெபாசிட் பிடிக்க வங்கியில் நாங்கள் அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது.

அதே வாரத்தில் ஒரு பையன் வந்தான். பையன் என்ன, இருபத்தாறு வயது. கடலோரக் கிராமத்தை ஒட்டிய விவசாயக் கூலிக் குடும்பம். படகும் வலையும் இல்லாதவர்கள். கடல்நீர் ஏறி நிலம் உப்பாகிவிட்டதால் கூலி வேலை நின்றுபோயிற்று. டிரைவிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்றான். எங்கள் திட்டத்தில் இருபத்துநான்கு வயதுதான் வரம்பு. அடுத்த தெருவில் இருந்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவர்கள் மீனவக் குடும்பங்களுக்கு மட்டும் என்றார்கள். அவர்கள் அனுப்பிய மூன்றாவது இடத்தில், ‘உன் கிராமம் எங்கள் எல்லையில் இல்லை’ என்றார்கள். சாயங்காலம் திரும்பவும் என்னிடமே வந்து நின்றான். கோபமாகக்கூட இல்லை.

“சார், செத்தவங்க லிஸ்ட்லயும் எங்க வீட்ல யாரும் இல்ல, பொழைக்கிறவங்க லிஸ்ட்லயும் இல்ல. நான் எந்த லிஸ்ட்ல சார் இருக்கேன்?”

அடுத்த துறைக் கூட்டத்தில் பேசி வைக்கிறேன் என்றேன். பேசினேன், குறிப்பும் எழுதிக்கொண்டார்கள். ஒரு வழி பிறப்பதற்குள் அவன் திருப்பூர் போய்விட்டான் என்று கிராமத்தில் சொன்னார்கள். அதற்குமேல் தகவல் இல்லை. எங்கள் வருடாந்தர அறிக்கையில் இடங்கள் நூறு சதவிகிதம் நிரம்பின என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

இளைஞன் என்றால் யார் என்பதிலேயே உலகத்தில் ஒற்றுமை கிடையாது. ஐ.நா. கணக்கில் 15 முதல் 24 வயது. காமன்வெல்த் கணக்கில் 15 முதல் 29. ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்தில் 15 முதல் 35. யுனிசெஃப் வளரிளம் பருவம் என்று 10 முதல் 19 வரை பார்க்கும். நம் இந்திய அரசின் 2003ஆம் வருடத்து இளைஞர் கொள்கையில் 13 முதல் 35 என்று இருந்தது, 2014 கொள்கையில் 15 முதல் 29 ஆயிற்று. அந்த நாகைப் பையன் டில்லியின் கணக்கில் இளைஞன், நியூயார்க்கின் கணக்கில் இல்லை. என் மேஜை மேல் இருந்தது நியூயார்க் கணக்கு.

இதை ஐ.நா.வும் உணராமலில்லை. 1985ஐ சர்வதேச இளைஞர் ஆண்டாகக் கொண்டாடினார்கள். நம் நாட்டில் விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12 தேசிய இளைஞர் தினமானதும் அந்த ஆண்டிலிருந்துதான். 1995ல் இளைஞர்களுக்கான உலகச் செயல்திட்டம் ஒன்றை ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 1998 ஆகஸ்டில் லிஸ்பன் நகரில் கூடிய இளைஞர் நல அமைச்சர்கள் மாநாட்டின் சிபாரிசின்படி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 12ஐ சர்வதேச இளைஞர் தினமாக அறிவித்தார்கள். ஆனால் தினம் அறிவிப்பது சுலபம். தொழிலாளர் அமைப்பு வேலைவாய்ப்பைப் பார்க்கும், யுனெஸ்கோ படிப்பைப் பார்க்கும், மக்கள்தொகை நிதியம் ஆரோக்கியத்தைப் பார்க்கும். வேலையும் படிப்பும் ஆரோக்கியமும் வேண்டிய பையன் ஒருவன்தானே? இந்த அமைப்புகளின் இளைஞர் பிரிவுகளெல்லாம் சேர்ந்து பேச ஒரு கூட்டு வலையமைப்பு வைத்துக்கொண்டன. 2013ல் பொதுச்செயலருக்கு இளைஞர் விவகாரத் தூதர் என்று ஜோர்டானைச் சேர்ந்த அஹ்மத் அல்ஹெந்தாவியை நியமித்தார்கள். அவருக்குப் பின் 2017ல் இலங்கையைச் சேர்ந்த ஜயத்மா விக்ரமநாயக்க. அவர் காலத்தில், 2018 செப்டம்பரில், ஐ.நா. அமைப்புகள் எல்லாவற்றுக்குமான பொது இளைஞர் உத்தி ‘யூத் 2030’ என்ற பெயரில் வந்தது.

பேரிடர் சமயத்தில் நிலைமை இன்னும் சிக்கல். 2005ல் ஐ.நா. ‘கிளஸ்டர்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. உறைவிடத்துக்கு ஒரு குழு, சுகாதாரத்துக்கு ஒரு குழு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பைப் பொறுப்பாக்குவது. முதலில் அதே ஆண்டு அக்டோபர் பாகிஸ்தான் பூகம்பத்தில் அமலாயிற்று. நல்ல முறைதான். ஆனால் இளைஞனுக்கென்று தனிக் குழு கிடையாது. பதினெட்டு வரை குழந்தைகள் பாதுகாப்பில் வருவான், அதற்குமேல் பெரியவர்களோடு பெரியவனாகக் கரைந்து போவான். 2016ல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உச்சி மாநாட்டில் செஞ்சிலுவைச் சங்கங்களின் சம்மேளனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் முன்னின்று, பேரிடர்ப் பணிகளில் இளைஞர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்ததற்கு இந்த ஓட்டைதான் காரணம்.

உதவி கொடுக்கும் நாடுகளும் சும்மா இருக்கவில்லை. நான் நாகையில் இறங்கிய அதே 2005 மார்ச்சில் பாரிஸில் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். உதவி பெறும் நாடே தன் திட்டத்தை வகுக்க வேண்டும், கொடுப்பவர்கள் அதன்படி நடக்க வேண்டும், தங்களுக்குள்ளும் ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் சாரம். அங்கே கையெழுத்துப் போட்ட நாட்டின் பணத்தில்தான் எங்கள் வகுப்பும் நடந்தது. பாரிஸுக்கும் நாகைக்கும் நடுவில் தபால் கொஞ்சம் தாமதம் போலும்!

எனக்கு இதில் வங்கி அனுபவம்தான் கை கொடுக்கிறது. 1969ல் ரிசர்வ் வங்கி ‘லீட் பாங்க்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஒரு வங்கி முன்னோடி, மற்ற வங்கிகளை அது கூட்டி வைத்துப் பேச வேண்டும். பிறகு 1989ல் ‘சர்வீஸ் ஏரியா’ என்று கிராமங்களைக் கிளைகளுக்குப் பங்கு போட்டார்கள். கடன் இரட்டிப்பாகக் கூடாது என்பது நோக்கம். நடந்தது என்ன? ஒரு கிராமத்தான் தனக்கு ஒதுக்கப்பட்ட கிளையின் மானேஜரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு போக்கிடம் இல்லை. அடுத்த கிளைக்குப் போனால் ‘உங்கள் ஊர் எங்கள் ஏரியா இல்லை’. இந்தக் கட்டுப்பாட்டை, அரசுத் திட்டங்கள் நீங்கலாக, ரிசர்வ் வங்கி 2004 டிசம்பரில்தான் தளர்த்தியது, சுனாமி வந்த அதே மாதத்தில். நாகையில் மூன்றாவது நிறுவனம் அந்தப் பையனிடம் சொன்ன வார்த்தையை நான் என் கவுண்டரில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒருங்கிணைப்பு என்றால் ஊரைப் பங்கு போட்டுக்கொள்வது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. உதவி உலகில் ஒரு படிவம் உண்டு. யார், என்ன, எங்கே என்று மூன்று கட்டங்கள். எந்த நிறுவனம், என்ன வேலை, எந்த இடம். அவசியமான படிவம்தான். ஆனால் மூன்று கட்டங்களும் கொடுப்பவரைப் பற்றியவை. பெறாதவன் அதில் வர மாட்டான். யார் யாரெல்லாம் கேட்டு வந்தார்கள், யாரை நாம் திருப்பி அனுப்பினோம், ஏன் என்று நாலாவது கட்டம் ஒன்று வேண்டும். நான் நாகையில் இருபது மாதம் பதிவேடு எழுதினேன். திருப்பி அனுப்பியவர்கள் பெயரை ஒரு நாளும் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. வங்கியில் முப்பது வருஷம் ‘ரிஜெக்டட் அப்ளிகேஷன் ரிஜிஸ்டர்’ வைத்திருந்தவனுக்கு அது தானாகத் தோன்றியிருக்க வேண்டாமா?

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். செறுதோணி அணையின் மதகுகளை 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். அப்போது ஐ.நா. அமைப்புகள் கேரள அரசுடன் சேர்ந்து ஒரே சேத மதிப்பீட்டைத் தயாரித்தன. ஆளுக்கு ஒரு மதிப்பீடு என்றில்லாமல் ஒன்றாகச் செய்தது பெரிய முன்னேற்றம். 2020ல் கொரோனாவுக்காக எல்லை மூடியபோது கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தினமும் ஜீப்பில் வரும் தேனி மாவட்டத்து ஆட்கள் வர முடியாமல் தோட்டங்கள் தவித்தன. அதே ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயங்கள் மண்ணில் புதைந்து எழுபது பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இப்படி ஒவ்வொரு துன்பத்துக்குப் பிறகும் புதிதாகச் சிலர் உதவ வருகிறார்கள். குடும்பஸ்ரீ இருக்கிறது, அஸாப் பயிற்சி இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் ‘நான் முதல்வன்’ இருக்கிறது. நேரு யுவ கேந்திரா இருந்த இடத்தில் 2023லிருந்து ‘மை பாரத்’ வந்திருக்கிறது. ரோட்டரி, மறைமாவட்டங்களின் சமூக சேவை அமைப்புகள், அவற்றின் பின்னால் வெளிநாட்டுப் பணம், கடைசியில் சிறிய கையோடு நாமும்.

போன வருஷம் ஒரு லயத்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அம்மா ஏலக்காய் எடுக்கப் போகிறாள். பெண் கம்பத்தில் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். நர்ஸிங் சேர ஆசை. இங்கே ஒரு பயிற்சிக்குப் போனால் வகுப்பும் பரீட்சையும் மலையாளத்தில். பேசுவாள், எழுத வராது. தமிழ்நாட்டுத் திட்டத்துக்குப் போனால், ரேஷன் கார்டு கேரளா. ஒரு தொண்டு நிறுவனம், பதினெட்டு வயது வரைதான் என்றது. இன்னொன்று, வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றது. லயம் வீடு அவர்களுடையதே இல்லையே, எப்படி இழப்பது? அவள் முடிக்கும் முன்பே எனக்கு அவள் அடுத்து என்ன கேட்பாள் என்று தெரிந்துவிட்டது. கேட்கவில்லை. “அப்ப நான் தோட்டத்துக்கே போறேன் தாத்தா” என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஒரு நீள லெட்ஜர் வாங்கினேன். இதை எடுத்துக்கொண்டு இந்தப் பகுதியில் வேலை செய்யும் நான்கு அமைப்புகளிடம் போனேன். வயதானவன் என்பதால் உட்காரச் சொன்னார்கள், அது ஒரு சௌகரியம். நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் திட்டத்தை மாற்ற வேண்டாம், விதியைத் தளர்த்த வேண்டாம், பணம் வேண்டாம். நீங்கள் திருப்பி அனுப்பும் ஒவ்வொருவரையும், அவர்கள் சம்மதித்தால், இந்த லெட்ஜரில் எழுதுங்கள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து அதை மட்டும் வாசிப்போம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. ஒருவர், போர்டில் யார் பெயர் முதலில் வரும் என்று கேட்டார். போர்டே இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது அவருக்கு. இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி. வயசுப் பெண்களின் பெயரும் விலாசமும் ஒரு நோட்டில் இருந்து, அது யார் கையிலாவது போனால்? நான் யோசிக்காத விஷயம் அது. அதற்குப் பிறகு லெட்ஜரில் எண் மட்டும் எழுதுகிறோம். பெயரும் விலாசமும் தனி நோட்டில், பூட்டிய அலமாரியில், இரண்டு பேர் கையில் மட்டும் சாவி. பதினெட்டுக்குக் கீழே என்றால் தாய் தகப்பன் கையெழுத்தும் வேண்டும். படம் எடுப்பதில்லை. அரசுத் திட்டத்தைச் சேர்ந்த ஒரு அதிகாரி, தன்னால் அதிகாரபூர்வமாகக் கலந்துகொள்ள முடியாது, ஆனால் அந்தப் பக்கம் வரும்போது காபி குடிக்க வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காபி குடிக்க வருகிறார்.

பத்து மாதம் ஆகிறது. பலருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அதை மறைக்கக் கூடாது. நடந்தது சிலது உண்டு. ஒரு பையனின் வயது தடையாக இருந்த இடத்திலிருந்து தடையில்லாத இடத்துக்கு ஒரே வாரத்தில் மாற்றிவிட முடிந்தது. அடுத்தவர் வரம்பு என்ன என்பதே அதுவரை இவருக்குத் தெரியாது, இரண்டு அலுவலகமும் ஒரே கட்டடத்தில் மாடியும் கீழுமாக இருந்தும்! ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வகுப்பு நடந்ததில் ஒன்றை நிறுத்திவிட்டு, அந்த மாதங்களுக்கு மலையாளம் எழுதக் கற்றுக்கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். கற்றுக்கொடுப்பவர் நம் அங்கத்தினர், ஓய்வுபெற்ற ஆசிரியை, இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறார். தலையைக் குனிந்துகொள்கிறார் பாருங்கள். தேனியிலிருந்து ஜீப்பில் வரும் பையன்களை இதில் எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் தெரியவில்லை. விடியும் முன் ஏறுகிறார்கள், இருட்டியபின் இறங்குகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லை.

அந்தப் பெண் லெட்ஜரில் முதல் எண். மலையாளம் இப்போது எழுத்துக்கூட்டி எழுதுகிறாள். ஒரு நிறுவனம் முதல் வருஷக் கட்டணம் தருவதாகச் சொல்லியிருக்கிறது, இன்னொன்று புஸ்தகச் செலவை ஏற்கிறது. ஹாஸ்டலுக்கு வழி தெரியவில்லை. விதி எல்லாவற்றிலும் ‘சொந்த மாநிலத்தில் படித்தால் மட்டும்’ என்றிருக்கிறது. அவளுக்கு எது சொந்த மாநிலம் என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் பேசினோம்.

இந்த உரையைப் பத்திரிகையில் வாசிக்கும் வெளியூர் அங்கத்தினர்களிடம் ஒரு விண்ணப்பம். கோயம்புத்தூர், மதுரை, பாலக்காடு ஊர்களில் நர்ஸிங் மாணவிகள் தங்கும் நல்ல விடுதி, மாநில நிபந்தனை இல்லாதது, தங்களுக்குத் தெரிந்திருந்தால் நம் கிளைக் காரியதரிசிக்கு ஒரு வரி எழுதுங்கள். பணம் இப்போது கேட்கவில்லை. லெட்ஜர் வாசல் பக்கத்து மேஜையில் இருக்கிறது. எண்கள்தான் இருக்கும், யாரும் பார்க்கலாம். காபி தயாராகிவிட்டது என்று ஜாடை காட்டுகிறார்கள்.